வலுவும் பாரமும்



2022ஆம் ஆண்டில் நுகேகொடைத் தெருக்களிற் பெற்றோலுக்காக நீண்ட வரிசைகளை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு தொடங்கிய பங்கீட்டு முறையில் முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றரே முதலிற் கிடைத்தது. தந்தையின் வண்டியுடன் இராமுழுதும் காத்துநின்ற என் மாணவன் ஒருவன் மறுநாள், "சேர், இனி விரைவுக் கார்களுக்கு எதிர்காலம் உண்டா?" என வினவினான்.

காரின் விரைவை நிருணயிப்பது வலு மட்டுமன்று. அவ்வலு இழுக்கவேண்டிய பாரமுமாகும். இதனை நன்குணர்ந்தவர் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கொலின் சப்மன். அந்நிறுவனம் 1996இல் விற்பனைக்கு விட்ட எலீஸ் காரின் நிறை ஏறத்தாழ 725 கிலோகிராம். வலு 118 குதிரைவலு. அதே நிறுவனத்தின் மின்சாரக் காரான எவைஜாவுக்கு ஏறத்தாழ 2,000 குதிரைவலு உண்டு. ஆனால், நிறை இருமடங்கிற்கும் அதிகம்.

காரணம் பற்றரியே. ஒரு கிலோகிராம் பெற்றோலில் அடங்கிய சத்தி, அதே நிறையுள்ள பற்றரியில் அடங்குவதிலும் பன்மடங்காகும். ஆயினும் பெற்றோல் எஞ்சின் அச்சத்தியிற் பெரும்பங்கை வெப்பமாக இழக்கின்றது. மின்மோட்டரோ சிறுபங்கையே இழக்கின்றது. தடுப்பை அழுத்தும்போது ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளவும் அதனால் இயலும்.

நம் நாட்டிலும் கோட்ஜென் நிறுவனம் வேகா என்னும் மின்சார விரைவுக் காரை உருவாக்க முனைந்தது. அதன் உடலைக் காபன் இழையால் அமைத்தமை பாரத்தைக் குறைக்கும் வழியாகும்.

ஆகவே, எதிர்காலம் இலேசான பற்றரியை ஆக்குபவர் கையில் உள்ளது. அன்று வரிசையில் நின்ற பிள்ளை நாளை அவருள் ஒருவனாதல் கூடாதா? அவனுக்கு நான் அளித்த விடை அதுவே.