மரத்தூளும் சீவலும்



ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காகத் தச்சுவேலை பழகத் தொடங்கினேன். இதுவரை உருவானவை இரண்டு மணைகளும் ஒரு முக்காலியுமே. முக்காலி ஒருபோதும் ஆடாது என்பார்கள். என்னுடையதும் ஆடவில்லை, சற்றுச் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவே. ஆனால் மரத்தூளும் இழைப்புளிச் சீவலும் மட்டும் குறைவின்றிக் குவிந்தன.

அவற்றைக் குப்பையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. நான் சிறுவனாக இருந்த 1960களில் எங்கள் வீட்டு அடுப்பை எரித்ததே மரத்தூள்தான். மரம் அறுக்கும் பட்டறைக்குச் சாக்குடன் சென்று வருவது என் வேலை. அடுப்பு என்பது, அடிப்பக்கத்தில் துளையிட்ட ஒரு தகர டப்பா. அதன் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, துளைவழியே ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைப் போட்டு இறுக இடிப்பார் என் அன்னையார். பிறகு கட்டையை உருவி, புட்டியை மெல்லத் திருகி எடுப்பார். தூள் சரியாமல் நின்றால் சமையல் வேளையோடு முடியும். சரிந்தால் எங்களுக்குப் பழையதுதான். கீழே பற்றவைத்த நெருப்பு உள்ளிருந்து வெளிப்புறமாக மெல்ல மெல்லத் தூளைத் தின்றுகொண்டு போகும். சோறும் குழம்பும் ஆனபின் வெந்நீருக்கும் கனல் மிச்சமிருக்கும்.

நெருப்பை வளர்த்த இதே தூள் பனிக்கட்டியையும் காத்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், நீங்கள் அறிந்ததே. பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த குளங்களில் அறுத்து அனுப்பிய பனிக்கட்டியைச் சேமித்து வைத்த இடம் அது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் கடலில் வரும் சரக்கு! அந்த வணிகத்தில் கட்டிகளைச் சுற்றி அடைக்கப் பெரிதும் உதவியது, அறுப்பு ஆலைகள் கழித்துத் தள்ளிய மரத்தூளே. துகள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது.

இந்தப் பெருமையை எண்ணிப் புதுத்தூளை எங்கள் மல்லிகைச் செடியின் அடியில் கொட்டிக் கிளறிவிட்டேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளித்துப் போயின. வீட்டில் நல்ல அர்ச்சனை கிடைத்தது. தூளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், செடிக்குரிய தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொண்டு விடுகின்றன. சாணத்தோடு சேர்த்து நன்கு மக்கவைத்த பின்னரே இடவேண்டுமாம்.

செடி பிழைத்துக்கொண்டது. என் கவலை வேறு. எனக்கு உளி பிடிக்கக் கற்பித்த முதிய ஆசாரியார், நான்கு சொல் பேசினால் இருமுறை இருமுகிறார். ஐம்பது ஆண்டுகள் சன்னலில்லாத பட்டறையில் உழைத்தவர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1995இல் மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. இதை அவரிடம் சொன்னேன். "இனிமேலா ஐயா?" என்று சிரித்தார்.

நான் இப்போது வேப்பமரத்தடியில், திறந்த வெளியில் முகக்கவசம் அணிந்தே மரம் அறுக்கிறேன். அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. சென்ற வாரம் பார்த்தபோது, அதன்மேலும் தூள் படிந்திருந்தது.