வாய்க்காலுக்கு மேற்கே

கண்டு வந்த ஊர் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். மாணவியர் சிலருடன் புதுச்சேரிக்குச் சென்று வந்ததைச் சொல்லுகிறேன்.

முதல்நாள் முழுதும் எல்லாரும் காண்பனவற்றையே கண்டோம். கடற்கரை, செஞ்சியிலிருந்து வந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகள் சிலை, ஆயி மண்டபம், மஞ்சள் வண்ணச் சுவர்கள், அவற்றின்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடிகள். மாணவியர் படமெடுத்துக் களைத்தனர். ‘எத்துணைப் பழைமை!’ என்று வியந்தாள் ஒருத்தி. பழைமைதான், எனினும் 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினர் என்பதையும், இன்று நாம் காண்பவை அதற்குப்பின் எழுந்தவை என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே நடந்தோம். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உடைய தமிழர் வீடுகள் அங்குள்ளன. அங்காடியின் இரைச்சலுக்கு நடுவே, ரங்கப்பிள்ளை வீதியில், ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. கீழ்த்தளத்தில் நம் மரபு. மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். துய்ப்ளேக்சின் துபாசியாக விளங்கியவர் வாழ்வும் அவ்வாறே இரு தளங்களில் அமைந்ததுதானே!

இங்கே என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வின்போது, 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொச்சைத் தமிழ், பிறமொழிக் கலப்பு என்று ஒதுக்கிவிட்டேன். சங்கச் செய்யுளில் ஊறிய செருக்கு அது. பிரபஞ்சன் அந்நாட்குறிப்பைக் கொண்டே ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களைப் படைத்து, பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்ற பின்னரே, நான் எதைத் தவறவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை அதில் படித்துப் பாருங்கள். இடிக்கச் செய்தவர் அவருடைய எசமானர். துயருற்றோர் அவருடைய மக்கள். தடுக்க அவரால் இயலவில்லை. எழுதினார். இலக்கணம் பார்க்காமல், பேசும் மொழியிலேயே எழுதினார். அந்த அவசரத் தமிழ் இல்லையேல் அன்றைய ஊராரின் கொதிப்பை நாம் எவ்வாறு அறிவோம்? இக்கேள்வியை என்னிடமே நான் கேட்டுக்கொள்கிறேன்; இங்குள்ள கவிஞர்களும் கேட்டுக்கொள்ளலாம்.

கோயில் நின்ற இடத்தை அடுத்திருந்த மாதா கோயிலை ஊரார் இன்றும் ‘சம்பா கோயில்’ என்கின்றனர். ‘சேன் போல்’ என்னும் பிரெஞ்சுப் பெயரை நம் மக்களின் நா மென்று நெல்லின் பெயராக்கிவிட்டது! வேதபுரீசுவரர் பின்னாளில் வேறோர் இடத்தில் குடிகொண்டார். ஈசுவரன் தருமராசா கோயில் வீதி என்று அத்தெருவுக்குப் பெயர். 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் வாழ்ந்த பாரதியின் வீடும் அத்தெருவில்தான் உள்ளது.

மாலையில் மீண்டும் ரங்கப்பிள்ளை வீதி வழியாகவே திரும்பினோம். முதல்நாள் ‘எத்துணைப் பழைமை’ என்று வியந்த அதே மாணவி மட்டும் பின்தங்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். படக்கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, வாயிலருகே நின்றபடி, தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.