இடம் கிடைத்தால் போதுமா?

நடுவர் அவர்களே! "தகுதி இருந்தா மேற்படிப்பு தானா வரும்"னு எதிரணி நண்பர் முழங்கினார். அம்பேத்கருக்கு இல்லாத தகுதியா? 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1916-ல் லண்டனில் சேர்ந்தார். 1917-ல் உதவித்தொகை நின்னு போச்சு. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். குறைஞ்சது அறிவா? இல்லீங்க, பணம்!

சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகராஜும் கைகொடுக்க, 1920-ல் மறுபடி போனார். 1923-ல் டாக்டர் பட்டம்!

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்றது இதுதான்: "இடம் உண்டா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "உதவித்தொகை எத்தனை வருஷம்? விடுதி உண்டா? எங்களை மாதிரி வந்தவங்க எத்தனை பேர் முடிச்சாங்க?"ன்னும் கேளுங்க.

பந்தியில் உட்கார வைத்தால் போதாது. இலையில் சோறும் விழணும்! தகுதிக்குத் துணை வேண்டும் என்றே தீர்ப்புச் சொல்லுங்கள்.