மறைக்கப் பிறந்த ஆடைகள்

அஞ்சல் தலை சேர்ப்போரையும் பழங்காசு சேர்ப்போரையும் நாம் அறிவோம். போர்வீரர் அணிந்து கழித்த உருமறைப்பு ஆடைகளைத் தேடிச் சேர்ப்போரும் உளர். படைகளின் தேவைக்கு மிஞ்சியவை ஏலத்துக்கு வருங்கால், பிறர் அவற்றை மலிவுத் துணியென வாங்குவர். இவர்களோ அரிய வகை ஒன்றுக்காகக் காத்திருப்பர். அந்தப் பழந்துணியில் அப்படி என்ன இருக்கிறது?

இக்கதையில் நம் துணைக்கண்டத்துக்கும் பங்குண்டு. பிரிட்டிஷ் வீரர் செந்நிற உடையில் போரிட்ட அந்நாளில், 1846ஆம் ஆண்டு பெஷாவரில் அமைக்கப்பட்ட கைட்ஸ் படை மண்ணிற உடையை மேற்கொண்டது. 'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்குப் புழுதி என்பது பொருள். காக்கி என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது.

ஒரே நிறம் போதாதென்று கண்டபின், பல நிறத் திட்டுகள் அச்சிட்ட துணி வந்தது. 1929இல் இத்தாலியப் படை கூடாரத் துணியில் இவ்வச்சைப் புகுத்தியது. மழையில் போர்வையாகவும், பிறவற்றுடன் இணைத்தால் கூடாரமாகவும் அது பயன்பட்டது. 1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்ததும், ஜெர்மானியர் அத்துணியைக் கைப்பற்றித் தம் சீருடைகளாகத் தைத்துக்கொண்டனர். துணி ஒரு நாட்டினது, தையல் மற்றொரு நாட்டினது! அத்தகைய சட்டை இன்று அரும்பொருள்.

அதே போரில் பிரிட்டிஷ் பாரசூட் வீரர் அணிந்தது டெனிசன் மேற்சட்டை. அதன் தொடக்ககாலத் துணிகளில் தூரிகை கொண்டு கையாலேயே வண்ணம் தீட்டினர். எனவே ஒன்றைப்போல் மற்றொன்று இராது. குதிக்கும்போது சட்டை மேலெழாதிருக்க, பின்புறத்திலிருந்து கால்களினூடே வந்து முன்னே பூட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றும் அதில் உண்டு.

அரிய பொருள் எங்குண்டோ, போலியும் அங்குண்டு. இத்தாலி தன் அச்சைப் போருக்குப் பின்னும் பல்லாண்டு பயன்படுத்தியது. அப்பிற்காலத் துணியில் பழைய பாணிச் சட்டை தைத்து விற்போர் உளர். புற ஊதா விளக்கின்கீழ்ப் பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிர்வதுண்டு. ஆனால் இக்காலச் சலவைத்தூளும் பழந்துணியை ஒளிரச் செய்யும். ஆகவே, கறை போக்க எண்ணித் துவைப்பவர் சான்றையே போக்கிவிடுகிறார். கிழிசலும், ஒட்டும், கழுத்துப்பட்டையுள் மையால் எழுதிய எண்ணும் அழியாது இருத்தல் வேண்டும்.

வெளி மாநிலங்களில் படைக் குடியிருப்புகளை அடுத்த கடைவீதிகளில் இத்தகைய உடைகளை நீங்கள் கண்டிருக்கலாம். ஓர் எச்சரிக்கை: வீரரென்று பிறர் நம்பவேண்டும் என்னும் நோக்குடன் படைவீரர் உடை அணிவது நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். நம் தரைப்படை 2022இல் அறிமுகம் செய்த புதிய போருடை வெளிச்சந்தைக்கு உரியதன்று. அதனைத் தேடாதீர்கள், பழையனவற்றைப் பேழையில் வையுங்கள், தோளில் அன்று.

வீரனை மறைக்கத் தைத்த ஆடை அது. அவன் போர்க்களம் நீங்கிய பின், அவன் பட்ட பாட்டை நமக்குக் காட்டி நிற்பதும் அதுவே. அதற்காகவே அதனைப் பேணுவோம்.