அரசியற் சாய்வும் பொருள்வளமும்
(திருத்தணியில் நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு மாநிலத்தை ஆளும் கட்சி எந்தப் பக்கம் சாய்ந்துள்ளது என்பதைப் பொறுத்தே அம்மாநிலத்தின் பொருள்வளம் கூடும் அல்லது குறையும் என்று பேசுவோர் பலர் உளர். தில்லியில் ஆளும் கட்சியே இங்கும் ஆண்டால் தொழிலும் பணமும் தாமே வந்து குவியும் என்பது அவர்தம் கூற்று. தேர்தல் மேடைதோறும் இச்சரக்கு விற்பனையாகின்றது. அதன் தரத்தை உரைத்துப் பார்ப்பதற்குத் தணிகை மலையடிவாரம் மிகப் பொருத்தமான இடமாகும்.

1953 அக்தோபர் முதல்நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது, திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அதனுள் சென்றது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாசுக்கர் வகுத்த எல்லைத் தீர்ப்பின்படியும், 1960 ஏப்பிரல் முதல்நாள் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று ஐதராபாத்தில் ஆண்டதும் பேராயக் கட்சி, சென்னையில் ஆண்டதும் பேராயக் கட்சி, தில்லியிலும் அதுவே. கட்சிச் சாய்வில் கடுகளவும் வேறுபாடில்லை. ஆயினும் முறையீடு எழுதவும், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கவும், அலுவலகப் படியேறி உரிமை கேட்கவும் இவ்வட்டத்துத் தமிழனுக்குத் தன் மொழியே கருவியாயிற்று. ஒரே கொடியின்கீழ் இரண்டு வகையான வாழ்வு இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. (எல்லையோரத் தெலுங்கு மக்களோடு இப்பேச்சில் யாதொரு பூசலும் இல்லை. அவர்களும் இதே வெயிலில், இதே தறியில் உழைப்பவர்களே.)

அத்தறியையே எடுத்துக்கொள்வோம். பொதட்டூர்ப்பேட்டையும் அம்மையார்க்குப்பமும் நெசவால் வாழும் ஊர்கள். 2006இல் தி.மு.க. அரசு இரு திங்களுக்கொருமுறை விசைத்தறிக்கு 500 அலகும் கைத்தறிக்கு 100 அலகும் மின்னாற்றலைக் கட்டணமின்றி வழங்கியது. 2016இல் அ.தி.மு.க. அரசு அவற்றை 750 என்றும் 200 என்றும் உயர்த்தியது. 2023இல் மீண்டும் தி.மு.க. அரசு 1000 என்றும் 300 என்றும் ஆக்கியது. மேடையில் ஒருவரையொருவர் வேரோடு பிடுங்கியெறியப் பேசிய இரு கட்சிகளும் நெசவாளியின் மின்கணக்கில் ஒரே கோட்டில் நடந்தன. தொழில் வளர்ச்சியிலும் அவ்வாறே. 1965இல் பேராயக் கட்சி ஆட்சியில் டிட்கோ தோன்றியது, 1971இல் தி.மு.க. ஆட்சியில் சிப்காட் தோன்றியது. பின்வந்தோர் இரண்டையும் கலைத்துவிடவில்லை. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் மகிழுந்துத் தொழில் வேரூன்றியது இத்தொடர்ச்சியினாலேயே.

தொடர்ச்சி அறுந்தால் நேர்வதை அண்டை மாநிலத்திற் காணலாம். 2015இல் அமராவதியில் தலைநகர் எழுப்பத் தொடங்கினர். 2019இல் ஆட்சி மாறியதும் மூன்று தலைநகர் என்றனர். எழும்பிய கட்டடங்கள் அரைகுறையாய் நின்றன. 2024இல் மறுபடியும் ஆட்சி மாறிய பின்னரே பணி உயிர்பெற்றது. நிலம் கொடுத்த உழவர்களுக்குப் போன ஆண்டுகள் போனவையே.

இடம், வலம் என்னும் கொள்கைச் சாய்வுதான் அடிப்படை என்பாரும் உளர். மேற்கு வங்காளத்தைப் பொதுவுடைமைக் கட்சியினர் 1977 முதல் 2011 வரை ஆண்டனர். அங்கே தொழில் நலிந்தது. அதே கொள்கையினர் மாறிமாறி ஆண்ட கேரளத்திலோ கல்வியும் மருத்துவமும் இந்தியாவிலேயே முன்வரிசைக்கு வந்தன. ஒரே விதை, இருவேறு விளைச்சல்! தில்லியின் கட்சியே தன் வீட்டிலும் ஆளப்பெற்ற பீகாரின் நிலை என்ன? எஃகு முதலியவற்றுக்கு நாடெங்கும் ஒரே விலை என்று 1950களில் நடுவணரசு புகுத்திய சரக்குக்கூலிச் சமன்பாட்டினால், இரும்பும் நிலக்கரியும் தன் மண்ணிலேயே கிடந்தும் அவற்றின் ஊதியத்தை அது இழந்தது. அந்த ஏற்பாட்டால் தமிழ்நாடு நன்மை பெற்றது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

சாய்வு பயன்பட்ட நேரமும் உண்டு. சேலம் எஃகாலைக்காக 1967இல் அறிஞர் அண்ணா எழுச்சி நாள் நடத்தினார்; தில்லி அசையவில்லை. 1969இல் பேராயக் கட்சி பிளந்து, இந்திராகாந்தி அம்மையாருக்குத் தி.மு.க. உறுப்பினரின் துணை தேவைப்பட்டது. 1970இல் ஆலைக்கு அடிக்கல் விழுந்தது. அதன்பின்? கஞ்சமலை இரும்பை உருக்கும் ஆலையாக அது எழவில்லை. 1981இல், வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாகவே தொடங்கியது. சாய்வினால் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய அரைப்பங்கே.

வரிப்பங்கில் அந்த அரைப்பங்கும் கிட்டவில்லை. மாநிலங்களுக்குப் பகிரும் நடுவண் வரித்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு, பத்தாம் நிதிக்குழுவில் 6.637 விழுக்காடு, பன்னிரண்டாவதில் 5.305, பதின்மூன்றாவதில் 4.969; பதினான்காவதில் 4.023, பதினைந்தாவதில் 4.079. 2004 முதல் 2013 வரை தி.மு.க. நடுவணரசின் கூட்டணியில் இருந்தது. அதில் நான்காண்டுகளுக்கு மேல் நிதியமைச்சராக இருந்தவரும் தமிழரே. அக்காலத்திலும் பங்கு தேய்ந்தது. ஏனெனில் பங்கினைக் குறிப்பது மக்கள்தொகையும் வருமான வேறுபாடும் கொண்ட ஒரு வாய்பாடு. குடும்பத்தை அளவோடு வைத்து, உழைத்து முன்னேறிய மாநிலத்துக்கு அவ்வாய்பாட்டில் கிடைப்பது குறைவே. அதைத் திருத்தும் ஆற்றல் சட்டமன்றத்திடம் இல்லை. 1969இல் அமர்த்தப்பெற்ற இராசமன்னார் குழு 1971இல் மாநில உரிமைகளை வரிவரியாக எழுதித் தந்தது. 1974இல் சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சிக்கு முடிவும் நிறைவேற்றியது. உரிமை வரவில்லை. மாறாக, 1976இல் கல்வியும் பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. 2017இல் விற்பனை வரியின் பெரும்பகுதி சரக்கு சேவை வரிக்குள் அடங்கியது.

இனிப் பொதட்டூர்ப்பேட்டைத் தறிக்கே திரும்புவோம். தறியை ஓட்டும் மின்னாற்றலைச் சென்னையால் கட்டணமின்றித் தர முடிந்தது. தறியில் ஏறும் நூலின் விலையைத் தொட முடியவில்லை. 2021இல் வெளிநாட்டுப் பருத்திக்கு இறக்குமதி வரி விதித்தது தில்லி. நூல்விலை தாங்கொணாது ஏறிய பின், 2022 ஏப்பிரலில் அதைச் சில திங்களுக்கு மட்டும் விலக்கியதும் தில்லியே. அடுத்த திங்களில் திருப்பூரில் ஆலைகள் கதவடைத்தன. தமிழ்நாட்டின் முதலமைச்சர் தலைமையமைச்சருக்கு மடல் எழுதினார்.