போர்முனையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு



திருவள்ளுவர் படைச்செருக்குக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். உழவுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நாட்டைக் காப்பவனுக்கும் நாட்டுக்கு உணவளிப்பவனுக்கும் அவர் நூலில் இடமுண்டு. இவ்விரு தொழிலையும் ஒருவரே செய்தால் அவர் வாழ்க்கை எப்படி அமையும்? அப்படி வாழ்ந்த ஒருவரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

அவர் நியூசிலாந்து நாட்டவர். பால்மாவு டின் வழியாக நம் சமையலறைக்கு அறிமுகமான நாடு அது. அவர் பெயர் சார்ல்ஸ் அப்ஹாம். 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் கிரைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனோ சட்டப் புத்தகத்தை நாடவில்லை; விவசாயக் கல்லூரியில் சேர்ந்து பட்டயம் பெற்றார். பின்னர் மலைநாட்டுப் பண்ணைகளில் ஆட்டுமந்தை ஓட்டும் வேலைக்குப் போனார்.

அது எளிய வேலையன்று. கோடையில் ஆடுகள் மலைமேல் மேயும். பனி விழுவதற்குள் அவற்றைத் திரட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். கையில் ஒரு கோல், கூடச் சில நாய்கள், காலடியில் சரிந்து விழும் கற்கள். எந்த மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கும், எந்தப் பள்ளத்தில் மறைந்து போகலாம் என்பதை மேய்ப்பவன் கண்ணால் அளந்து பழகுகிறான். பிற்காலத்தில் போர்க்களத்தில் அப்ஹாமுக்கு இந்தப் பழக்கமே கைகொடுத்திருக்க வேண்டும்.

1939இல் போர் மூண்டதும் அவர் படையில் சேர்ந்தார். அப்போது வயது 30. 1941 மே மாதம் கிரீட் தீவில் ஜெர்மானியப் படை வானிலிருந்து இறங்கியது. வயிற்றுக்கடுப்பால் உணவு செல்லாமலும், உடம்பில் காயங்களுடனும் அப்ஹாம் தம் குழுவை நடத்திச் சென்றார். காயம்பட்ட ஒருவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார். பகைவர் நடுவே தனித்துவிடப்பட்ட ஒரு படைப்பிரிவைத் தேடிச் சென்று வழிகாட்டி அழைத்து வந்தார். இதற்காக விக்டோரியா சிலுவை என்னும் உயரிய வீரவிருது அவருக்கு வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜூலையில், எகிப்தில் ருவைசாத் மேட்டுச் சண்டை. குண்டு பாய்ந்து கை முறிந்த பிறகும் அவர் களத்தை விட்டு அகலவில்லை. மீண்டும் காயமுற்று, பகைவரிடம் சிறைப்பட்டார். பலமுறை தப்ப முயன்றார். அதனால் 1944இல், தப்பியோடும் கைதிகளுக்கென்றே இருந்த கோல்டிட்ஸ் கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டார். போர் முடிந்தபின் 1945இல், ருவைசாத் மேட்டில் ஆற்றிய தீரத்துக்காக அதே விருது இரண்டாம் முறையும் கிடைத்தது.

1856இல் ஏற்படுத்தப்பட்ட இவ்விருதை இருமுறை பெற்றவர்கள் மூவரே. மற்ற இருவரும் மருத்துவர்கள். ஆயுதம் ஏந்திப் போரிட்டு இருமுறை பெற்றவர் அப்ஹாம் ஒருவர்தாம்.

நேயர்களே, நாம் சொல்ல வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. போரில் காட்டிய வீரம் சில மணி நேரத்துச் செயல். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வாழ வேண்டுமே! அதற்கு எந்த வீரம் வேண்டும்?

ஊர் திரும்பிய வீரருக்கு மக்கள் அன்புடன் நிதி திரட்டினார்கள். பண்ணை வாங்கிக்கொள்வதற்காகப் பத்தாயிரம் பவுன் தர முன்வந்தார்கள். அந்நாளில் அது பெருந்தொகை. அப்ஹாம் நன்றி கூறி மறுத்துவிட்டார். போர்வீரர்களின் பிள்ளைகள் உயர்கல்வி பெற அதை உதவிநிதியாக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அப்படியானால் அவருக்கு நிலம் தேவையில்லையா? தேவைதான். ஆனால் திரும்பி வந்த மற்ற வீரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த அதே மறுவாழ்வுக் கடனை அவரும் பெற்றார். வடக்குக் கேன்டர்பரியில், ஹண்டலீ அருகே கான்வே பிளாட் என்ற இடத்தில் பண்ணை வாங்கினார். தம்மோடு நின்ற வீரர்களுக்குக் கிடைக்காத சலுகை தமக்கு மட்டும் எதற்கு என்பதே இதன் பொருள் அல்லவா?

கடன் வாங்கிப் பண்ணை நடத்துவது என்ன பாடு என்பதை அந்நாடு முன்பே அறிந்திருந்தது. முதல் உலகப் போருக்குப்பின் வந்த வீரர்களுக்கும் நிலம் கொடுத்தார்கள். மங்கபுருவா என்ற காட்டுப் பள்ளத்தாக்கு அவற்றுள் ஒன்று. மரம் வெட்டி, புல் விதைத்து, கால்நடை வளர்க்க முயன்றார்கள். மலைச்சரிவு மண் கரைந்தது, விளைபொருள் விலை விழுந்தது, பாதைகள் இடிந்தன. ஒவ்வொரு குடும்பமாக வெளியேறியது. 1936இல் அங்கே காங்கிரீட் பாலம் கட்டி முடிந்தபோது மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். 1942இல் அவர்களும் போய்விட்டார்கள். ‘எங்கும் செல்லாத பாலம்’ என்று அதை அழைக்கிறார்கள். பகைவனை வென்றவர்களை மண்ணும் கடனும் தோற்கடித்தன.

ஆகவே அப்ஹாம் ஏற்றுக்கொண்டது சாதாரணப் பொறுப்பன்று. கால்நடைப் பண்ணையில் குட்டி ஈனும் காலத்தில் இரவு பகல் தெரியாது. கம்பளி கத்தரிக்க வேண்டும், வேலி கட்ட வேண்டும், குளிர்காலத் தீவனம் சேர்க்க வேண்டும். போரில் பட்ட காயங்கள் இடையூறாக இருந்தும் அவர் இவற்றில் தேர்ந்து நல்ல பண்ணையாளர் என்று பெயர் எடுத்தார். மனைவி மோலியும் மூன்று பெண்மக்களுமாகக் குடும்பம் அங்கேயே வாழ்ந்தது. விளம்பரத்தை அவர் விரும்பவில்லை. விருதின் பெருமை தம் தோழர்களுக்கும் உரியது என்றே கருதினார்.

போரின் கசப்பு மட்டும் அவர் மனத்தை முழுமையாக விட்டு அகலவில்லை. ஜெர்மனியில் செய்த காரையோ இயந்திரத்தையோ தம் பண்ணைக்குள் விடமாட்டார் என்பார்கள். உடற்காயம் ஆறினாலும் உள்ளக்காயம் ஆறுவது அரிது. வீரர்களைப் போற்றும் நாம் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1994 ஜனவரியில் உடல்நலக் குறைவால் பண்ணையை விட்டு நகருக்குச் சென்றார். அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள், தம் 86ஆம் வயதில் காலமானார். இராணுவ மரியாதையுடன் நடந்த இறுதி ஊர்வலத்தின்போது ஆயிரக்கணக்கான மக்கள் தெருவோரம் நின்று வழியனுப்பினார்கள்.

இன்னொரு செய்தியோடு முடிப்போம். அவருடைய பதக்கங்கள் வையூரு நகர இராணுவ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2007 டிசம்பரில் அவை திருடு போயின. நல்லவேளையாக, 2008 பிப்ரவரியில் மீட்கப்பட்டன. பதக்கத்தைக் கள்வர் கவரலாம். ஆனால் தமக்கு வந்த பணத்தைப் பிள்ளைகளின் கல்வியாக மாற்றினாரே, அதை யார் கவர முடியும்?

புகழ் வரும்போது அதைப் பிறருக்குப் பகிர்ந்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்புவதும் ஒரு வீரமே. அந்த வீரத்துக்குப் போர்க்களம் தேவையில்லை. நம் வீட்டிலும் தொழிலிலும் நாம் அதைப் பழகலாம்.