வாங்கிய கணினியும் பூட்டிய கணினியும்

(றொசல்லையில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்ட விடயம் இம்மேடைக்குச் சற்றுப் புதியது. கணினி விளையாட்டில் நாட்டமுள்ள ஓர் இளைஞன், கம்பனியார் பூட்டி முடித்து விற்கும் கணினியை வாங்குவது நல்லதா, பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தானே பூட்டிக்கொள்வது நல்லதா என்பதே அது. சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் முன் ஒரு சிறு கணக்கை வைக்கின்றேன். அத்தகைய கணினியொன்றின் விலை இரண்டு இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட் சம்பளம் 1350 ரூபா. அப்படியானால் ஒரு தாய் 148 நாள் மலையேறிக் கொழுந்து பறித்த கூலி அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றது. பின்னர் வந்த சம்பள உயர்வைச் சேர்த்துப் பார்த்தாலும் நூறு நாளுக்குக் குறையாது. அவ்வளவு உழைப்பைக் கொடுத்து வாங்கும் பொருளை ஆராய்ந்து வாங்க வேண்டுமா, விளம்பரத்தைப் பார்த்து வாங்க வேண்டுமா? ஆதலால் இது குடும்பத்தின் காரியம். குடும்பத்தின் காரியம் சங்கத்தின் காரியமுமாகும்.

விளையாட்டுக்கென இவ்வளவு செலவா என்ற கேள்விக்கும் சுருக்கமாக விடை கூறிவிடுகின்றேன். 2023 இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி விளையாட்டுக்களுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அஃது ஒருபுறமிருக்க, விளையாட்டை நன்றாக ஓட்டவல்ல கணினி படம் வரைதல், வீடியோ தொகுத்தல், நிரலெழுதல் ஆகிய தொழில்களையும் நன்றாகச் செய்யும். இரவெல்லாம் விழித்து விளையாடினால் படிப்புக் கெடும் என்பதும் மெய்யே. அதற்கு மருந்து நேர ஒழுங்கு. அதைப்பற்றிப் பேசுவதற்கு வேறொரு நாள் வேண்டும்.

முதலில், கணினியை நாமே பூட்டிக்கொள்வது எவ்வாறு இயல்வதாயிற்று என்பதை அறிய வேண்டும். 1981 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐ.பி.எம். கம்பனி தனது தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் பாகங்கள் பலவற்றை அக்கம்பனி வெளியாரிடம் வாங்கியே பூட்டியது. அமைப்பு விபரங்களையும் நூலாக வெளியிட்டது. பிற கம்பனிகள் அதற்கு இயைந்த கணினிகளையும் பாகங்களையும் செய்யத் தொடங்கின. 1995 இல் இன்டெல் கம்பனி ஏ.ரீ.எக்ஸ். என்னும் அளவுத்திட்டத்தை வெளியிட்டது. தாய்ப்பலகை எவ்வளவு நீளம், ஆணித்துளைகள் எங்கே, மின் இணைப்பு எவ்விதம் என்பனவெல்லாம் அதனால் ஒழுங்குபட்டன. தைவானில் செய்த பலகையும் கொரியாவிற் செய்த நினைவகமும் பம்பலப்பிட்டியில் வாங்கிய பெட்டிக்குள் பொருந்துவது இந்தப் பொது அளவினாலேயே.

இனிப் பாகங்களைப் பார்ப்போம். கணக்கிடுவது செயலி. காட்சிகளைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்ட். வேலைக்குரியவற்றை உடனுக்குடன் எடுத்துக் கொடுப்பது நினைவகம். விளையாட்டுக்களைச் சேமித்து வைப்பது எஸ்.எஸ்.டி. இவற்றையெல்லாம் இணைப்பது தாய்ப்பலகை. எல்லாவற்றுக்கும் மின்சாரத்தைப் பகிர்வது பவர் சப்ளை. இத்தனையையும் தாங்கிக் காற்றோட்டம் தருவது கேசிங்.

இவற்றுள் ஒன்று மாத்திரம் சிறந்ததாயிருந்தாற் போதாது. நமது தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். கொழுந்தை வாட்டும் தட்டுகள் சிறியனவாயிருக்க, அரைக்கும் ரோலரை மாத்திரம் பெரிதாக வாங்கிவைத்தால் என்ன பயன்? ரோலர் கொழுந்துக்காகக் காத்துக்கிடக்கும். உலர்த்தும் அடுப்பு போதாவிட்டால் அரைத்த கொழுந்து புளித்துப் பாழாகும். கணினியும் அவ்விதமே. விலையுயர்ந்த செயலியை வாங்கிவிட்டு மலிந்த கிராபிக்ஸ் கார்ட்டைப் பூட்டினால் விளையாட்டு ஓடாது. இரண்டையும் நல்லனவாக வாங்கி, பெயரறியாத பவர் சப்ளையைப் பூட்டினால் ஒருநாள் மற்றப் பாகங்களையும் அது கூட்டிக்கொண்டு போய்விடும். அளவறிந்து சேர்ப்பதே இக்கலையின் சாரம்.

கம்பனியார் பூட்டிய கணினிக்கு மூன்று நன்மைகள் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் வேலை செய்யும். பழுதுபட்டால் பொறுப்புக் கூறுவோர் ஒருவரே. செயலிக்காரர் பலகைக்காரரைக் குறைகூறி நம்மை அலையவிட இடமில்லை. சில காலங்களில் விலையும் அநுகூலமாயிருக்கும். 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகத்தைப் பெருந்தொகையாக வாங்கியதனால் உலகெங்கும் அதன் விலை கடுமையாக ஏறியது. அப்படிப்பட்ட வேளையில், விலையேற்றத்துக்கு முன் பூட்டிக் கடையில் வைத்திருந்த கணினி, பாகங்களைத் தனித்தனியே வாங்குவதைக் காட்டிலும் மலிவாகக் கிடைப்பதுண்டு.

குறைகளும் உள. விளம்பரத்தில் செயலியின் பெயரும் கிராபிக்ஸ் கார்ட்டின் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். பவர் சப்ளையின் பெயரோ, தாய்ப்பலகையின் பெயரோ இராது. சொல்லாமல் விட்ட இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கனம் செய்திருப்பார்கள். சில பெருங் கம்பனிகள் பொது அளவை விட்டுத் தமக்கென்று தனி வடிவில் பலகையும் பவர் சப்ளையும் செய்கின்றன. ஐந்தாண்டு கழித்து அவற்றுள் ஒன்று கெட்டால், கடையில் அதற்கு மாற்றுக் கிடையாது. ஒரு பாகத்துக்காக முழுக் கணினியையும் கழிக்க நேரிடும்.

நாமே பூட்டும் கணினியில் ஒவ்வொரு ரூபாவும் எங்கே போகின்றது என்பது நமக்குத் தெரியும். இன்று கையில் உள்ள பணத்துக்கு ஏற்பத் தொடங்கி, நாளை ஒவ்வொன்றாக உயர்த்தலாம். ஏ.எம்.டி. கம்பனியின் ஏ.எம்.4 என்னும் பொருத்துமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 இல் வாங்கிய பலகைகள் பலவற்றில், பயோஸைப் புதுப்பித்தபின், 2022 இல் வெளிவந்த செயலியைப் பூட்ட முடிந்தது. பலகையை மாற்றாமலே கணினி புதிதாயிற்று. எல்லாவற்றிலும் மேலான பயன் கல்வி. தன் கையால் பூட்டியவன் பழுது வந்தால் அஞ்சான்.

ஆயினும் பூட்டுவதற்குப் பொறுமை வேண்டும். செயலியும் பலகையும் ஒரே பொருத்துமுறையினவா, டீ.டீ.ஆர்.4 நினைவகத்துக்குரிய பலகைக்கு டீ.டீ.ஆர்.5 வாங்கிவிட்டோமா, கிராபிக்ஸ் கார்ட்டின் நீளம் கேசிங்கினுள் அடங்குமா என்பவற்றை வாங்குமுன் ஒப்புநோக்க வேண்டும். செயலியின் அடியிலோ பலகையின் குழியிலோ உள்ள நுண்ணிய ஊசிகள் வளைந்துவிட்டால் உத்தரவாதம் செல்லாது. பூட்டும்போது கேசிங்கின் உலோகத்தை அடிக்கடி தொட்டு, உடம்பில் தங்கிய மின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். திரையின் வயரைத் தாய்ப்பலகையில் குத்திவிட்டு, கிராபிக்ஸ் கார்ட் வேலை செய்யவில்லையென்று கடைக்காரரோடு வழக்காடுவோரும் உளர்! ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதக் காலம் வேறு. பற்றுச்சீட்டுக்களையும் பெட்டிகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே இன்னும் இரு வழிகள் உண்டு. முதலாவது, பாகங்களை நாம் தெரிந்துகொடுக்க, கடைக்காரர் பூட்டித் தருவது. கொழும்பு யூனிட்டி பிளாசா போன்ற இடங்களில் இது வழக்கமான வியாபாரம். தெரிவு நம்முடையது; பூட்டிச் சோதிப்பது கடையினரது. புதியவருக்கு இது மிக ஏற்றது. இரண்டாவது, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணினியை வாங்கி, சிறிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைச் சேர்ப்பது. பலகையின் பொருத்துவாய் தரும் 75 வொட் மின்சாரத்தோடு வேலை செய்யும் கார்ட்டுக்கள் உண்டு. அவற்றுக்குப் பெரிய பவர் சப்ளை வேண்டியதில்லை. சிறு தொகை உடையோர்க்கு இது நல்ல வழி. ஆனால் மிகப் பழைய கணினியை வாங்காதீர்கள். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் செயலியானால் எட்டாந் தலைமுறையேனும் வேண்டுமென்பது மைக்ரோசொப்டின் விதி. விண்டோஸ் 11 இல் வலோரன்ட் விளையாட்டு ரீ.பீ.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்கின்றது. இவற்றை விசாரியாமல் வாங்கினால் மலிவும் நட்டமாகும்.

இதுவரை கூறியன எந்த ஊருக்கும் பொருந்துவன. நமது ஊருக்கென்று சில உண்டு. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளை நமக்கு அயல். ஈரச் சுவரோடு ஒட்டிக் கணினியை வைத்தால் உலோகம் துருப்பிடிக்கும். விறகடுப்புப் புகை காற்றாடியில் படிந்து சூட்டை வெளியேற விடாது. ஒரு சாண் இடைவெளி விட்டு மேசைமேல் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தூசு தட்டுங்கள்.

மின்சாரமோ இன்னும் பெரிய காரியம். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் நாம் அறியாததன்று. இடி முழங்கினால் மின் பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடுவதே காப்பு. பழைய லயன் அறையானால், எர்த் வயர் ஒழுங்காக உள்ளதா என்று தகுதிபெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு முதலில் பார்க்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் திடீரென்று நின்று மீளும்போது கணினிக்குத் தீங்கு நேரலாம். ஆதலால் யூ.பீ.எஸ். ஒன்றின் விலையையும் முதற் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். 650 வீ.ஏ. என்று எழுதியிருந்தால் 650 வொட் தருமென்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் 360 வொட் அளவே தரும். அஃதும் கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்குரிய சில நிமிடங்களுக்கே.

2022 இன் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. கணினிப் பாகங்கள் அனைத்தும் கடல் கடந்து வருவன. ஆகவே ஒரு பாகம் கெட்டால் மீண்டும் அதே விலைக்குக் கிடைக்குமென்பதற்கு உறுதியில்லை. இங்கேதான் என் உரையின் மையக் கருத்து உள்ளது. கொழும்பிலிருப்பவன் கெட்ட கணினியை மாலையிலே கடைக்குத் தூக்கிச் செல்வான். நமக்கோ ஒருநாட் பயணம், ஒருநாட் கூலி, பஸ் செலவு. பாகம் வரும்வரை இன்னொரு பயணம். ஆதலால் எது மலிவு, எது வேகம் என்று கேட்பதற்கு முன்னே, இது பழுதுபட்டால் யார் திருத்துவார் என்று கேளுங்கள்.

அக்கேள்விக்கு “நான் திருத்துவேன்” என்றோ, “என் பக்கத்தில் அறிந்த நண்பன் இருக்கின்றான்” என்றோ விடை கூறவல்லவன் தானே பூட்டிக்கொள்ளட்டும். ஹற்றனிலோ நுவரெலியாவிலோ நம்பத்தக்க கடைக்காரர் உளரெனில், பாகங்களைத் தெரிந்துகொடுத்து அவரிடமே பூட்டுவித்தல் நன்று. திருத்துவோர் ஒருவருமில்லை என்பவன் நல்ல உத்தரவாதமுள்ள ஆயத்தக் கணினியை வாங்கட்டும். அதிலும் பொது அளவிலான பலகையும் பவர் சப்ளையும் உள்ளனவா என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும். எதை வாங்கினாலும் பெற்றோரின் சேமலாப நிதியிற் கைவைக்காதீர்கள்; வட்டிக்குக் கடன்படாதீர்கள். வலோரன்ட் போன்ற விளையாட்டுக்கள் எளிய கணினியிலும் ஓடும். சிறிதாகத் தொடங்கி உயர்த்தத்தக்க கணினியே நமக்குத் தக்க கணினி.

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாரியம்மன் திருவிழாவிலே சப்பரம் கட்டுகின்றோம். ஒருவர் மூங்கில் வெட்டுவார்; ஒருவர் சோடிப்பார்; ஒருவர் விளக்குக் கட்டுவார். ஆண்டுதோறும் சிறுவர் பக்கத்தில் நின்று பார்த்து, வளர்ந்தபின் தாமே கட்டுகின்றனர். அவ்வண்ணமே கழித்துப்போட்ட பழைய கணினியொன்றைச் சங்க மண்டபத்துக்குக் கொண்டுவந்து, கழற்றிப் பூட்டிப் பழகுவோம். வாலிபரோடு பெண்பிள்ளைகளும் அதில் அமரட்டும். சோதித்துப் பார்ப்பதற்கென ஒரு நல்ல பவர் சப்ளையும், ஓரிரு திருகாணி முடுக்கிகளும், செயலிக்குப் பூசும் வெப்பப் பசையும் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கட்டும். இவ்வூரில் நால்வர் இத்தொழிலை அறிந்துவிட்டால், திருத்துவார் யார் என்ற கேள்விக்கு விடை இம்மண்டபத்திலேயே கிடைத்துவிடும். அன்றைக்கு எந்தத் தாயின் 148 நாட் கூலியும் தூசு படிந்த பெட்டியாக மூலையிற் கிடக்காது.